ரெசின் ஊற்றிய பக்கம்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிறவர்கள் உண்டு, சீப்பு வைத்திருக்கிறவர்கள் உண்டு. இவர் பையில் ஒரு சாண் நீளத்துக்கு ரசமட்டக் கட்டை இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் அதை எடுத்து மேசைமேல் வைத்து, கண்ணாடிக் குழாயில் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்காது. எந்த வீட்டு மேசை மட்டமாக இருந்திருக்கிறது? உடனே ஓர் அட்டைத் துண்டை மடித்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் காபியைத் தொடுவார். காபி ஆறிப்போயிருக்கும். அதற்கும் ஒரு முகச்சுளிப்பு.

இருபத்திரண்டு வருஷம் தரை போட்டவர். கல் பதிக்கிற தரை இல்லை, ஊற்றுகிற தரை. ரெசின் என்கிற பிசின் ஒரு வாளி, அதை இறுக்குகிற ஹார்டனர் ஒரு வாளி, இரண்டையும் கலந்து ஊற்றினால் தண்ணீர் மாதிரி பரவி, மறுநாள் பாறையாக இறுகிவிடும். மருந்துத் தொழிற்சாலை, பெரிய கிடங்கு, ஆஸ்பத்திரியின் ஆப்பரேஷன் அறை என்று தூசி ஆகாத இடங்களில் எல்லாம் அவர் போட்ட தரை இருக்கிறது. முட்டிக்கு அடியில் பலகையைக் கட்டிக்கொண்டு மண்டி போட்டபடியே சுவருக்குச் சுவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து வேலை செய்வார். ஊற்றுவதற்கு முன்னால் சுவர் ஓரம் முழுக்க டேப் ஒட்டியாக வேண்டும், அதில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. "ஓரம் ஒட்டாம ஊத்துறவன் தரைக்காரன் இல்ல, தண்ணி தெளிக்கிறவன்" என்பார். அவருக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். அவர் ஊற்றியது எங்கேயும் உரிந்ததில்லை. "நான் ஒட்டினா ஒட்டினதுதான். கட்டடத்தை இடிச்சாலும் தரை தனியா நிக்கும்."

கட்டடம் நின்றது, முட்டிதான் இடிந்தது. இனி மண்டி போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றா சொன்னேன்? வீட்டிலிருந்த ஒவ்வொரு அலமாரியையும், கட்டிலையும், சுவரில் மாட்டிய படத்தையும் மட்டம் பார்த்தார். கடைசியில் மனைவி தட்டு கழுவிக் கவிழ்த்து வைப்பதில் கோணல் கண்டுபிடித்தார். அவர் மனைவிக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. சத்தம் போடாமலே வருஷக்கணக்காகப் பிள்ளைகளை அடக்கியவள். அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, ஒண்ணு உங்களுக்கு ஒரு வேலை கண்டுபிடிக்கணும். இல்லன்னா எனக்கு வேற வீடு கண்டுபிடிக்கணும்."

வேலையை அவளேதான் கொண்டுவந்தாள். நூலகத்தில் கழித்துப்போட்ட பழைய ரெக்கார்டுகள் ஒரு பெட்டி. எல்லாம் கீறல், எல்லாம் விக்கல். வீட்டுப் பின்னறையில் மிச்ச ரெசின் டப்பாக்கள் அடுக்கி இருந்தன. கறுப்பாக, வட்டமாக, வழவழவென்று இருந்த ரெக்கார்டு அவர் கண்ணுக்கு ஒரு குட்டித் தரையாகத் தெரிந்தது. மண்டி போட வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தே ஊற்றலாம். முதல் தட்டில் நீலமும் வெள்ளையும் கலந்து ஊற்றினார். மேலே கிளம்பிய குமிழ்களை உடைக்க, தரையில் காட்டுகிற அதே கேஸ் டார்ச்சைக் காட்டினார். தரை தாங்கும், ரெக்கார்டு தாங்குமா? ஓரமெல்லாம் மடங்கிச் சுருண்டு கைகழுவுகிற கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று மனைவி ஆறுதல் சொன்னாள். "யானைக்கு முட்டி நல்லா இருக்கும்" என்றார் இவர்.

நாலைந்து தட்டு பாழான பிறகு கை பழகியது. ரெக்கார்டைக் கவிழ்த்த டம்ளர் மேல் வைப்பார். ரசமட்டத்தால் குறுக்கிலும் நெடுக்கிலும் பார்ப்பார். நடுத்துளையை அடியிலிருந்து டேப்பால் அடைப்பார். அடிப்பக்க ஓரத்தில் வளையமாக ஒரு சுற்று டேப், வழிகிற ரெசின் அடிக்கு ஏறக் கூடாது என்று. "கீழ்ப்பக்கத்தை யாருங்க பார்க்கப் போறாங்க?" என்று மனைவி கேட்டபோது, "நான் பார்ப்பேன்" என்றார். கீழே சிந்துவதைத் தாங்க ரெக்கார்டின் பழைய காகித உறையையே பிரித்து விரித்துவிடுவார். டார்ச்சுக்குப் பதில் தூரத்தில் பிடித்த ஹேர் டிரையர். கடல் வந்தது, அலை வந்தது, நுரைகூட வந்தது. ஒரு தட்டு பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்குப் போனது, இரண்டு தட்டு நூலகச் சுவருக்கு ஏறின. தெருவில் இரண்டு பேர் நிறுத்தி விசாரித்தார்கள். நடையில் பழைய மிடுக்கு வந்துவிட்டது, நொண்டிக்கொண்டே வந்த மிடுக்கு.

இனி அவருடைய தங்கையைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னாலேயே அவள் சத்தம் கேட்டுவிடும்.

அவளுக்குப் பட்டப்பெயர் சங்கு. மில்லில் ஷிஃப்ட் மாறும்போது ஊதுகிற சங்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கூப்பிடுவது அவள் வேலை. ஒருமுறை அங்கே மைக் கெட்டுப்போனது. இரண்டு வருஷமாகியும் யாரும் அதைப் பழுது பார்க்கவில்லை, தேவைப்படவில்லை. போனில் அவள் பேசினால் ரசமட்டம் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடிப்பார். "அண்ணா! முட்டியைக் காட்ட எப்ப வர்ற?" என்று அவள் வாரம் தவறாமல் கேட்பாள். அவர் போகமாட்டார். அவள் கூடம் அதிரக் கூப்பிடுவாள், நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், தானும் ஒரு மனிதன் என்று எப்படி எழுந்து நடப்பது?

அவள் சத்தம் எல்லோருக்கும் சிரிப்பு. அவளுக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. அதற்குக் காரணம் அண்ணன்தான் என்பது அண்ணனுக்கு மட்டும் தெரியும்.

அவர்களுடைய அம்மா காய்ச்சலில் போனபோது அவருக்கு ஆறு வயது, தங்கைக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். பிறகு கரைக்கு வந்து துறைமுகத்தில் சேர்ந்தார், ஆனால் பேச்சைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி மனிதர். அத்தைதான் இரண்டு பேரையும் வளர்த்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து தங்கை அண்ணனைத்தான் நச்சரிப்பாள். "அம்மா குரல் எப்படி இருக்கும்? சொல்லு." அம்மாவின் முகம் போட்டோவில் இருந்தது, சேலை அலமாரியில் இருந்தது. குரலுக்கு எங்கே போவது? அவருக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஆறு வயதுப் பையனுக்கு நினைவிருக்க வேண்டியதுதான், ஆனால் இல்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. "தேன் மாதிரி இருக்கும். ரொம்ப மெதுவா பேசுவாங்க" என்று அளந்துவிட்டார்.

பொய்யோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வளர வளர அதையே கையில் பிரம்பாக எடுத்துக்கொண்டார். தங்கை குரலை உயர்த்தும்போதெல்லாம், "மெதுவா பேசு. அம்மா இப்படியா கத்துவாங்க?" அந்த ஒரு வார்த்தைக்கு அவள் சட்டென்று அடங்கிவிடுவாள். யாருக்கும் அடங்காதவள் அதற்கு மட்டும் அடங்குவாள். அது அவருக்கு வசதியாக இருந்தது. செய்தது சின்னத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். வீட்டை ஒழித்த தங்கை ஒரு பெட்டி ரெக்கார்டைக் கொண்டுவந்து அண்ணன் வாசலில் இறக்கினாள். "அண்ணா! அப்பா துறைமுகம் துறைமுகமா வாங்கின பாட்டுத் தட்டு. ஒண்ணும் ஓடாது. எல்லாத்துலயும் கடல் ஊத்திடு!" எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

ரெக்கார்டில் ரசமட்டத்துக்கு இரண்டே ஜாதி. நடுவில் அழகான லேபிள் இருந்தால் அதை மறைக்காமல் ஓரத்தில் மட்டும் ஊற்றுவார். லேபிளில் எழுத்தே இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்தால் அது 'மொட்டை'. மொட்டை கிடைத்தால் கொண்டாட்டம், முழுத் தட்டும் அவர் இஷ்டம். அப்பாவின் பெட்டியில் ஒரே ஒரு மொட்டை இருந்தது. மற்றதைவிடச் சின்னது, கனம் அதிகம். ஓரத்தில் சுரண்டல் விழுந்த இடத்தில் உள்ளே உலோகம் மின்னியது. உலோகம் என்றால் சூட்டில் வளையாது. இப்படி ஒரு தட்டுக்குத்தான் அவர் காத்திருந்தார். வேறு யாராவது கையில் கிடைத்திருந்தால், இது என்ன விநோதமாக இருக்கிறதே என்று கொஞ்சம் யோசித்திருப்பார்கள். இவர் கைத்தொழில்காரர். பரப்பைப் பார்த்தார், மட்டத்தைப் பார்த்தார், மற்ற எதையும் பார்க்கவில்லை.

டம்ளரில் ஏற்றி, அடியில் டேப் ஒட்டி, உறையைக் கீழே விரித்து ஊற்றினார். அடர்ந்த நீலம், அதன்மேல் பச்சை கலந்த நீலம், ஓரத்தில் வெள்ளை நுரை. இதுவரை ஊற்றியதிலேயே அதுதான் அழகு. நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தொட்டுப் பார்த்தார். கல்லாக இறுகியிருந்தது. தட்டை எடுத்து வைத்துவிட்டு, நீலம் சொட்டியிருந்த உறையைக் குப்பையில் போடக் கசக்கினார். அதுவரை அடியில் இருந்த உள்பக்கத்தில் ஏதோ எழுத்து தெரிந்தது. பிரித்தார். மசி மங்கிப்போயிருந்தது, எழுத்து மட்டும் கொட்டை கொட்டையாக இருந்தது.

"இதில் என் குரல் இருக்கிறது. ரேடியோ கடை மெஷினில் பேசினேன். கப்பலில் போட்டுக் கேளுங்கள். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தில் பாப்பாவும் இருக்கிறாள்."

கையெழுத்து யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய முதல் வகுப்பு நோட்டு அட்டையில் அவர் பெயரை எழுதிய கை அது.

மனைவி வந்து பார்த்தபோது அவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். காகிதத்தை நீட்டினார். அவள் ஒருமுறை படித்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். அதற்குள் அவர் தட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பத் தொடங்கியிருந்தார். நகம்தான் உடைந்தது. பிறகு தகட்டுக் கத்தியை எடுத்தார், எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். அவருக்குத் தெரியாதா? ரெசினை உரித்தால் அதோடு குரல் பதிந்த கோடுகளும் உரிந்து வரும். அவர் ஒட்டினது ஒட்டினதுதான். எதை வாழ்நாள் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தாரோ, அதுவே எதிரில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா மேல் ஆத்திரம் வந்தது. இப்படி ஒன்று இருக்கிறது என்று ஐம்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறந்து சொல்லக் கூடாதா மனிதர்! கேட்கத் தாங்கவில்லை என்றால் நீங்கள் கேட்காதீர்கள், பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? செத்தவரைத் திட்டி என்ன பயன் என்று தோன்றிய பிறகும் கொஞ்ச நேரம் திட்டினார்.

"தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு? இப்படி ஒண்ணு இருந்ததே அவளுக்குத் தெரியாது. தெரியாதது போனா வலிக்காது."

"இன்னொரு பக்கம் இருக்கே."

அவர் தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஓரத்தில் டேப் வளையம், நடுத்துளை மேல் டேப். இரண்டுக்கும் நடுவே கோடுகள் பளபளவென்று சுத்தமாக இருந்தன. ஒரு சொட்டு ரெசின் ஏறவில்லை. ஆனால் எந்தப் பக்கத்தில் பாப்பா? லேபிள் இரு பக்கமும் மொட்டை. அவர் கடலுக்கு அடியில் புதைத்தது எதை என்று அவருக்கே தெரியாது.

போன் செய்தார். "அண்ணா! முட்டி என்னாச்சு?" என்றது ஒரு முழத்துக்கு அப்பாலிருந்து. போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து "வரேன்" என்று மட்டும் மெதுவாகக் கேட்டது.

வந்தவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீலத்தை ஒரு விரலால் தடவினாள். காகிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு என்னண்ணா, நீ கேட்ட குரல். ஞாபகத்துலயாவது இருக்கு. நான்தான் கேட்டதே இல்ல."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தட்டைத் துண்டில் சுற்றத் தொடங்கினார்.

மூன்று பேருமாகத் தட்டை எடுத்துக்கொண்டு ரேடியோக்காரரிடம் போனார்கள். பழைய ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் பழுது பார்க்கிற கடை. கடைக்குள் ஆள் நடக்க ஒரு சந்து, மற்றதெல்லாம் ஒயர். ரேடியோக்காரர் தட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, மேல்பக்கத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது கடையில உட்கார்ந்து பேசி வெட்டின தட்டு. உலோகத்து மேல கோடு விழுந்திருக்கிற பூச்சு ரொம்ப மிருது. ஊசி ஓடுற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுரண்டிக்கிட்டே போகும். முதல் தடவைதான் நல்லா கேக்கும். அதுக்கப்புறம் நான் பொறுப்பு இல்ல. கூடவே போன்ல பதிவு பண்ணிக்கோங்க." பிறகு விரலால் நடுவைத் தொட்டுக் காட்டினார். "துளையை வேற அடைச்சு வெச்சிருக்கீங்க. திறக்கணும். ஒரு மயிரிழை தள்ளித் திறந்தாலும் குரல் ஆடும். அப்புறம், நீங்க ஊத்தின இந்த நீலம் மேடு பள்ளமா இருந்தா தட்டு உட்காராது, ஊசி குதிக்கும்."

"மட்டத்தைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க" என்றார் ரசமட்டம். அன்றைக்கு அவர் ரோஷமாகச் சொன்ன ஒரே வார்த்தை அது.

மேசைமேல் துண்டை மடித்து விரித்து, நீலப் பக்கம் அடியில் போகக் கவிழ்த்து வைத்தார். டேப்பை ஓரத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தார். டேப் பிசினைச் சோப்புத் தண்ணீர் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தார். டேப் உரிந்த இடத்தில் பழைய துளையின் உலோக விளிம்பு தெரிந்தது, அதற்குள் நீலம் அடைத்துக்கொண்டிருந்தது. டிரில் மெஷினைத் தொடவில்லை, சூடு ஏறும். முனையை மட்டும் கழற்றித் துணி சுற்றிக் கையால் திருகினார். தங்கை தட்டின் விளிம்பை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அசையாதே."

"அசையல."

"மூச்சு விடாதே."

"நீ முதல்ல விடு" என்றாள்.

நீலத் தூள் சிறிது சிறிதாக வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி ஊதினார். முட்டி வலித்தது, நின்றுகொண்டே செய்தார். கடைசியில் வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரிந்தது, பொட்டு வட்டமானது. பிளேயரில் பொருத்தினார்கள். தட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. ரேடியோக்காரர் அதைச் சுற்றவிட்டு, கண்ணைத் தட்டின் உயரத்துக்கு இறக்கிக் குனிந்து பார்த்தார். ஏற்றமில்லை, இறக்கமில்லை. "மனுஷன் ஊத்தியிருக்கான்யா" என்றார், திட்டா பாராட்டா என்று தெரியாத குரலில். ஊசிக் கையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார், தட்டு இப்போது தடிமன் அல்லவா. மனைவி போனைப் பிடித்தாள்.

ஊசி இறங்கியது. முதலில் சரசரப்பு. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் முனகுகிற மாதிரி என்னவோ. "இதுவா அம்மா?" என்று தங்கை பதறினாள். ரேடியோக்காரர் உடனே ஊசியைத் தூக்கி வேகத்தைக் கூட்டி மறுபடி இறக்கினார்.

"ரெண்டாவது பக்கம் ஆரம்பிச்சாச்சா? பேசலாமா? சரி. ஏங்க, முதல் பக்கத்துல சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும். இன்னொரு தரம் சொல்ல மாட்டேன்!"

ரேடியோக்காரர் அனிச்சையாகக் கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தார். அப்படி ஒரு குரல். தேனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கரகரவென்று, படபடவென்று, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற குரல். ரசமட்டத்துக்கு ஞாபகம் வந்தது என்று சொல்ல முடியாது, ஞாபகம் வர அது எங்கேயும் போயிருக்கவே இல்லை. வாரம் தவறாமல் போனில் கேட்ட குரல் அது. ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கேட்ட குரல். தங்கையின் குரல்.

"டேய், கிட்ட வா. இதுல பேசு. அப்பா கேப்பாங்க. அப்பான்னு சொல்லு... வாயைத் திறடா... பேச மாட்டேங்குறான். உங்களை மாதிரியே கல்லுளிமங்கன். போய் உட்காரு. இப்ப பாப்பா பேசுவா. இவ பேசுவா பாருங்க."

ஒரு விநாடி அமைதி. பிறகு குழந்தை வீறிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அழுகையில் கடையின் தகர ஷெல்ஃப் அதிர்ந்தது. அதற்கு மேலே அம்மாவின் சிரிப்பு.

"கேட்டீங்களா? அங்க கப்பல் வரைக்கும் மெஷின் இல்லாமலே கேட்டிருக்கும். என் தொண்டை அப்படியே வந்திருக்கு இவளுக்கு. உங்க அக்கா, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு சத்தம் ஆகாதுன்னாங்க. ஏன் ஆகாது? நல்லதுதானே! இவ கூப்பிட்டா கூப்பிட்ட ஆள் திரும்பிப் பார்க்கும். யாராவது இவளை மெதுவா பேசுன்னு சொல்லட்டும், அப்புறம் இருக்கு. சரி, கடைக்காரர் கையைக் காட்டுறார், தட்டு முடியப் போகுதாம். சாப்பிடுங்க, நேரத்துக்குத் தூங்குங்க, சீக்கிரம்..."

அதற்கு மேல் சரசரப்புதான். ரேடியோக்காரர் ஊசியை எடுத்து வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் சந்துக்குள் போய்விட்டார்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தவர் எதிரில்தான் நின்றார்.

"நான் பொய் சொன்னேன்" என்றார். "தேன் மாதிரின்னு சொன்னது பொய். எனக்கு ஞாபகமே இல்ல. அம்மா கத்த மாட்டாங்கன்னு சொல்லிச் சொல்லி உன் வாயை அடைச்சேன். அதுவும் பொய்."

அவள் கையை எடுத்தாள். சிவந்த கண்ணோடு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐம்பது வருஷம்" என்றாள். முதலில் அதைச் சின்னக் குரலில்தான் சொன்னாள். பிறகு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. அழுகையும் சிரிப்புமாக, எதற்கும் அடங்காமல், ஷெல்ஃபிலிருந்த ஸ்க்ரூ டப்பாவெல்லாம் கலகலக்கச் சிரித்தாள். "ஐம்பது வருஷம் இந்தப் பொய்க்காக நான் ரகசியம் பேசிக்கிட்டிருந்தேனா? கல்லுளிமங்கா!"

"இதுதான் உன் ரகசியக் குரலா?" என்று அவர் வாயைக் கொடுத்து, முதுகில் ஓர் அறை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் தட்டை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். நீலப் பக்கத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "முதல் பக்கத்துல என்ன சொல்லியிருப்பாங்க?"

"ஞாபகம் வெச்சுக்கச் சொன்னதை."

"அதை நீ மூடிட்டே."

"ஆமாம்."

"அதை நான் மன்னிக்கப் போறதில்ல" என்றாள். பேருந்தில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைக் குறைக்கவில்லை. "ஆனா சும்மா சும்மா சொல்லிக்காட்டவும் மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தரம் சொல்லுவேன்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. போனது போனதுதான், எந்தச் சமாதானமும் அந்தப் பக்கத்தைத் திருப்பித் தராது. ஆனால் வலி ஒரு பக்கமும் சந்தோஷம் ஒரு பக்கமுமாக ஒரே தட்டில் இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் அவர் கையில் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு எந்த மொட்டை கிடைத்தாலும் ரேடியோக்காரரிடம் போட்டுக் கேட்காமல் ஊற்றுவதில்லை. இதுவரை கேட்டதில் ஒன்று பாட்டு வாத்தியார் யாரோ பாடம் எடுப்பது, மற்றது வெறும் சரசரப்பு. பாட்டு வாத்தியாரை ஊற்றாமல் பத்திரமாக வைத்திருக்கிறார், அவருக்கும் யாராவது தங்கை இருப்பாள் என்று.

அடுத்த வாரம் அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போய் முட்டிக்கு டோக்கன் வாங்கினார். நாற்பத்தொன்று. கூடம் நிறைய ஜனம். உட்கார்ந்த பெஞ்சு கோணல், ஆனால் அன்று அவர் பையிலிருந்து கட்டையை எடுக்கவில்லை. கடைக்கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில், தங்கை கையில் சீட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நாப்பத்தொண்ணு!"

தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்தது. நூறு தலை திரும்பியது. அவரும் திரும்பினார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நாப்பத்தொண்ணு! ரசமட்டம்! அண்ணா, காது கேக்கலையா?"

கேட்டது. நன்றாகக் கேட்டது. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.